32 வயதில் காய்கறி சாப்பிடப் பழக முடியுமா?

கேள்வி: எனக்கு 32 வயது, கோயம்புத்தூரில் வேலை. உருளைக்கிழங்கைத் தவிர எந்தக் காயும் சாப்பிட மாட்டேன். உருளை வறுவல், முட்டை, சிக்கன், தயிர் சாதம், இவ்வளவுதான் என் சாப்பாடு. வெங்காயமும் தக்காளியும் அரைத்துவிட்டால் பரவாயில்லை, துண்டாகத் தென்பட்டால் எடுத்து ஓரமாக வைத்துவிடுவேன். வெண்டைக்காய், கத்தரிக்காய் வாயில் பட்டாலே குமட்டும். சின்ன வயதில் தட்டு காலியாகும் வரை அப்பா எழுந்திருக்க விட மாட்டார், அழுதுகொண்டே விழுங்கியிருக்கிறேன். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது, மாமியார் வீடு கும்பகோணம் பக்கம். அங்கே இலை போட்டால் எனக்கு வியர்த்துவிடும். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு கூடுதலாக வந்தது, மலச்சிக்கலும் இருக்கிறது. டாக்டர் "காய்கறி நிறைய சேர்த்துக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எப்படி என்று சொல்லவில்லை. மிக்ஸியில் அடித்துக் குடித்துவிடலாமா? வைட்டமின் மாத்திரை போதாதா? எனக்கு ஏதாவது கோளாறா?
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், உங்களை ரொம்ப அரிப்பது அதுதான் என்று தோன்றுகிறது. கோளாறு என்று சொல்லும்படி உங்கள் கடிதத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை. காய் பிடிக்காத பெரியவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம், வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். சாம்பாரில் "தான்" (அதாவது காய்த் துண்டு) மட்டும் எடுக்காமல் ஊற்றிக்கொள்கிறவர்களை எந்தப் பந்தியிலும் பார்க்கலாம்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு விஷயம் இருக்கிறது, நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. தக்காளி அரைத்தால் சரி, துண்டாக இருந்தால் வேண்டாம் என்கிறீர்கள். இரண்டும் ஒரே தக்காளிதானே, சுவை மாறவில்லை. வெண்டைக்காயும் கத்தரிக்காயும் குமட்டுகிறது என்கிறீர்கள், அவை இரண்டும் பெரிதாகக் கசக்காத காய்கள். முட்டை, உருளை, தயிர் சாதம் எல்லாம் ஒரு வாய் எப்படியோ அடுத்த வாயும் அப்படியே இருக்கும் சாப்பாடு. ஆக, உங்கள் பிரச்சினை காயின் சுவை அல்ல, அது வாயில் இருக்கும் விதம். வழுவழுப்பு, கொழகொழப்பு, வெளியே தோல் உள்ளே சதை, சோற்றை மெல்லும்போது நடுவில் திடீரென்று நசுங்கும் ஒரு துண்டு, இதெல்லாம்தான் உங்களுக்கு ஆகவில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சுவைதான் பிரச்சினை என்றால் வழியே வேறு. சிலருக்குப் பிறவியிலேயே கசப்பு அதிகம் தெரியும். 1931இல் அமெரிக்காவில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வகத்தில் ஒரு பொடியைக் கொட்டும்போது அது காற்றில் பறந்திருக்கிறது, பக்கத்தில் இருந்தவர் ஒரே கசப்பு என்று முகம் சுளிக்க, ஃபாக்ஸுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. அப்படிக் கிளம்பிய ஆராய்ச்சி, 2003இல் அந்த வேறுபாட்டுக்குக் காரணமான மரபணு வரை போனது. கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகுக்கீரை வகையில் அதே மாதிரியான பொருட்கள் இருப்பதால், அந்த மரபணுவின் கசப்பை உணரும் வடிவம் உள்ளவர்களுக்கு இவை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கசக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு உப்பு, கொஞ்சம் எண்ணெய், தேங்காய், ஒரு சிட்டிகை வெல்லம் என்று போனால் நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் உப்பு கசப்பை அமுக்கும். உங்களுக்கு உப்பைக் கூட்டி என்ன பயன், வெண்டைக்காய் வழவழவென்றுதானே இருக்கும்?

அதனால் "எந்தக் காய் சாப்பிடலாம்" என்று யோசிக்காமல் "எப்படிச் செய்த காய்" என்று யோசியுங்கள். உங்களுக்கு இரண்டு கதவு திறந்திருக்கிறது. ஒன்று மொறுமொறுவென்று வறுத்தது. இன்னொன்று முழுசாக மசிந்தது. நடுவில் இருக்கும் கூட்டு, அவியல், சாம்பார்த் தான் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். காய் சாப்பிடத் தொடங்குகிறேன் என்று எல்லோரும் நேராக அவியலில் போய் இறங்குகிறார்கள், ஆறு விதமான காய் ஆறு விதமாக வாயில் நசுங்கும் அந்த ஒரு பண்டத்தில்! அதிலேயே மனசு விட்டுப்போகும்.

மொறுமொறுப்பிலிருந்து தொடங்கலாம். உருளை வறுவலுக்கு வீட்டில் என்ன மசாலா போடுகிறீர்களோ அதே மசாலா, அதே கடாய், அதே அளவுத் துண்டு. முதல் வாரம் முக்கால் பங்கு உருளை, கால் பங்கு வாழைக்காய். வாழைக்காய் மாவாக வெந்து உருளை மாதிரியே இருக்கும், வாய் பெரிதாக ஆட்சேபிக்காது. சேனையும் அப்படித்தான், ஆனால் புளித் தண்ணீரில் வேகவைத்து வறுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும், அதோடு சேனைக்கும் உங்களுக்கும் உறவு முடிந்துவிடும். (அந்த அரிப்புக்குக் காரணம் அதில் ஊசி ஊசியாக இருக்கும் ஆக்சலேட் படிகங்கள்.) சேப்பங்கிழங்கு இப்போது வேண்டாம், வேகவைத்தால் வழவழக்கும்.

இவை கிழங்கும் மாவுமாக இருக்கின்றனவே, இதில் என்ன லாபம் என்று உங்கள் மனைவி கேட்கலாம், நியாயமான கேள்விதான். இது பாலம் மட்டுமே. உருளை இல்லாத ஒரு துண்டை வாய் எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது என்ற பழக்கம் வந்த பிறகு அதே வறுவலில் கோவைக்காய், கேரட், பீன்ஸ் என்று மாற்றலாம். கோவைக்காயை மெல்லிய வட்டமாக நறுக்கி, மூடாமல் சுருளச் சுருள வறுத்தால் கிட்டத்தட்ட சிப்ஸ். பீன்ஸுக்கு என் சிபாரிசு பருப்பு உசிலி. பருப்பை மிளகாயோடு கரகரப்பாக அரைத்து, ஆவியில் வைத்து, உதிர்த்து எண்ணெயில் வறுத்து, பொடியாக நறுக்கி வேகவைத்த பீன்ஸைப் போட்டுப் புரட்டினால், எது பருப்பு எது காய் என்று வாய்க்குத் தனியாகத் தெரியாது, எல்லாம் ஒரே உதிரி. கொத்தவரங்காயிலும் வாழைப்பூவிலும்கூடச் செய்யலாம், ஆனால் பீன்ஸ்தான் சாது.

கோஸ், காலிஃபிளவர் நாற்றம் பிடிக்காமல் ஒதுக்குகிறவர்களுக்கு இந்த ஒரு குறிப்பு: வேகவைக்கும் நேரம் கூடக்கூட அவற்றில் கந்தக நெடி ஏறும். கடாயை நன்றாகச் சூடாக்கி, பொடியாக அரிந்த கோஸைப் போட்டு, திறந்தபடியே சில நிமிடம் வதக்கி இறக்கினால் அந்த நெடி வராது, கடிக்கவும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். குக்கரில் இரண்டு விசில் வைக்கிற வீடுகளில் கோஸை வெறுக்கிற பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாவது கதவு மசிந்தது, இதில் நீங்கள் இருக்கும் ஊரே உங்களுக்குச் சாதகம். கொங்குப் பக்கத்தில் இட்லிக்கும் தோசைக்கும் கத்தரிக்காய் கடைசல் செய்வார்கள், கத்தரிக்காய் குழைய வெந்து கடைந்து ஒரே சீராக இருக்கும், தோல் தனி சதை தனி என்ற பேச்சே இல்லை. உங்களைக் குமட்ட வைத்த அதே காய்தான், இந்த ரூபத்தில் ஒரு முறை தோசையில் தொட்டுப் பாருங்கள். தோசையோடு ஒட்டிக்கொண்டு வரும் அளவு போதும். ஆனால் முன்பு எப்போதாவது கத்தரிக்காய் சாப்பிட்டு உதடு வீங்கியிருந்தாலோ தொண்டை அரித்திருந்தாலோ அது ஒவ்வாமை, பழக்கிச் சரிசெய்யும் விஷயம் இல்லை, விட்டுவிடுங்கள். அடுத்து பீர்க்கங்காய்த் துவையல். உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், புளி, பெருங்காயத்தோடு வதக்கி அரைத்து, சூடான சாதத்தில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால், பீர்க்கங்காய் என்று சொல்லாமல் கொடுத்தால் கண்டுபிடிக்கக்கூட முடியாது. அரைக்கீரை, சிறுகீரையை மத்தால் நன்றாகக் கடைந்து பூண்டு தாளித்தது, முருங்கைக்கீரை போட்ட அடை, பரங்கிக்காயை மசித்துப் போட்ட சூப், இவை எல்லாம் இந்தக் கதவு வழியாக வரும். பசலை மட்டும் கொஞ்சம் வழுக்கும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெண்டைக்காய்க்குத் தனியாக நாலு வரி எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் எனக்கு வருகிற புகார்களில் அதுதான் முதலிடம். அதற்குள் இருக்கும் பசை தண்ணீர் பட்டால் இளகி வழிகிறது. நறுக்கிய பிறகு கழுவினால், மூடி போட்டு வேகவைத்தால், ஆரம்பத்திலேயே உப்புப் போட்டால், கொழகொழப்பு கூடத்தான் செய்யும். முழுசாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பிறகு நறுக்கி, அகலமான கடாயில் நெருக்கியடிக்காமல் போட்டு, மூடாமல் வதக்கி, கடைசியில் உப்பு. நடுவில் கொஞ்சம் புளித்தண்ணீரோ தயிரோ தெளித்தால் பசை முறிந்துவிடும். வாங்கும்போதே நுனி சட்டென்று ஒடிகிற பிஞ்சாக எடுங்கள். ஆனாலும் இது உங்கள் பட்டியலில் கடைசியில் வர வேண்டிய காய், குமட்டின ஞாபகம் இருக்கிற காயில் யாரும் தொடங்கக் கூடாது.

அந்த ஞாபகத்தைப் பற்றியும் பேச வேண்டும். உங்கள் அப்பா அந்தக் காலத்து வழக்கப்படி நல்லதென்று நினைத்துத்தான் செய்திருப்பார், அவரோடு இப்போது பஞ்சாயத்து வைக்க வேண்டாம். ஆனால் அழுதுகொண்டே விழுங்கிய உணவை உடம்பு ஆபத்து என்று குறித்துவைத்துக்கொள்ளும். பதற்றமாக இருக்கும்போது குமட்டல் சுலபமாகத் தூண்டப்படும், அதனால் "இன்று எப்படியாவது விழுங்கியே தீர வேண்டும்" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் குமட்டல் நிச்சயம். இதற்கு நான் சொல்கிற வழியைக் கேட்டால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்: துப்பலாம். வீட்டில், தனியாக, பக்கத்தில் ஒரு டிஷ்யூவோ கிண்ணமோ வைத்துக்கொண்டு, சுண்டுவிரல் நகம் அளவுத் துண்டை வாயின் முன்பக்கம் வைத்து மெல்லுங்கள், முடியவில்லை என்றால் துப்பிவிடுங்கள். விழுங்கியே ஆக வேண்டியதில்லை என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் போய்விடும். தண்ணீரோடு மாத்திரை மாதிரி முழுங்குவது மட்டும் வேண்டாம், அதில் வாய் எதையும் பழகிக்கொள்ளாது.

எத்தனை முறை என்று கேட்பீர்கள். குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளில் ஒரு புதுக் காயை 8 முதல் 15 முறை வரை ருசி பார்க்க வைத்த பிறகுதான் பிடிக்க ஆரம்பித்தது என்று பார்த்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு இப்படி ஒரு எண்ணை அறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டு தடவை சாப்பிட்டுப் பார்த்து "இது எனக்கு ஆகாது" என்று தீர்ப்பு எழுதுவது ரொம்ப அவசரம். ஒரு சமயத்தில் ஒரே காய், வாரத்தில் மூன்று நாலு நாள், ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்பூன், நல்ல பசி இருக்கும்போது சாப்பாட்டின் முதல் வாயாக. பிடிக்க வேண்டும் என்றுகூட எதிர்பார்க்காதீர்கள், "சரி, பரவாயில்லை" என்ற இடத்துக்கு வந்தாலே அடுத்த காய்க்குப் போய்விடலாம்.

காய் எங்கே வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். நார் ஏறிய பீன்ஸும் முற்றின கத்தரிக்காயும் காய் பிரியருக்கே பிடிக்காது, உங்களுக்கு எப்படிப் பிடிக்கும்? கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ஊட்டிக் கேரட்டையும் பீன்ஸையும் காலையில் உழவர் சந்தையில் வாங்காமல் ஆப்பில் வரவழைப்பது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. நீங்களே போய்க் கையால் எடுத்து, நீங்களே நறுக்குங்கள். சமைக்கிறவருக்குத் தட்டில் என்ன வரப்போகிறது என்பதில் ஆச்சரியம் இருக்காது. ஆச்சரியம்தான் உங்களுக்கு எதிரி.

மிக்ஸி விஷயத்துக்கு வருகிறேன். அடையிலும் சப்பாத்தி மாவிலும் கீரையை அரைத்துச் சேர்ப்பது நல்லது, செய்யுங்கள், அதனால் உடம்புக்குப் போவது போகும். ஆனால் அது மட்டுமே போதாது, ஒளித்து வைத்த காயை வாய் சந்திப்பதே இல்லை. மனைவிக்கும் ஒரு வார்த்தை: அவருக்குத் தெரியாமல் எதிலும் கலக்காதீர்கள், ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால் பிடித்த உணவின் மேலும் சந்தேகம் வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து "எப்படி இருக்கு, எப்படி இருக்கு" என்று கேட்பதும் வேண்டாம்.

பச்சைக் காய் ஜூஸ்களில் எனக்கு உடன்பாடு இல்லை. வடிகட்டினால் உங்களுக்கு வேண்டிய நார்ச்சத்தின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். சுரைக்காய் ஜூஸ் கொழுப்பைக் குறைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வரும், அதை நம்பிக் கசக்கிற சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள், நம் நாட்டில் இறந்தவர்களும் இருக்கிறார்கள், ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) இதற்காகவே நிபுணர் குழு வைத்து ஆராய்ந்து எச்சரிக்கை கொடுத்தது. சுரை, பீர்க்கை, வெள்ளரி எதுவாக இருந்தாலும் நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள், வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. பாகற்காய் வேறு, அதன் கசப்பு இயல்பானது. அதற்காக அதைச் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை, பாகற்காய் ஒன்றும் தேர்வில் கட்டாய வினா அல்ல.

வைட்டமின் மாத்திரை போதாது. உங்களுக்கு இப்போது முக்கியமாக வேண்டியது நார்ச்சத்து, அது மாத்திரையில் இல்லை. காயிலும் பருப்பிலும் ஓட்ஸிலும் இருக்கும் கரையும் நார், குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறும், அதை ஈடுகட்ட ஈரல் ரத்தத்திலிருந்து கொழுப்பை எடுத்துச் செலவழிக்கும், கெட்ட கொழுப்பு குறைவது இப்படித்தான். (நீங்கள் வெறுக்கும் வெண்டைக்காயின் அந்தப் பசையும் இந்த வகை நார்தான், என்ன செய்வது.) காய் பழகும் வரை காத்திருக்கவும் வேண்டாம், இன்றிலிருந்தே கொண்டைக்கடலைச் சுண்டல், பச்சைப்பயறு, கொய்யா, ஆரஞ்சு என்று சேர்த்துக்கொள்ளலாம். மெதுவாகக் கூட்டுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள், ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பிக்கொள்ளும். உருளை வறுவல் தினமும் எவ்வளவு எண்ணெயோடு உள்ளே போகிறது என்றும் கொஞ்சம் பாருங்கள், கொழுப்பு ஏறியதற்குக் காய் சாப்பிடாதது மட்டும் காரணமாக இருக்காது.

அளவு என்று பார்த்தால், உலக சுகாதார நிறுவனம் காயும் பழமுமாக நாளுக்கு 400 கிராம் என்கிறது, அதில் உருளை சேராது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் காய், கீரை மட்டுமே 400 கிராம் என்கிறது. இந்த எண்களைக் குளிர்சாதனப் பெட்டி மேல் எழுதி ஒட்டிவிடாதீர்கள். இப்போது பூஜ்யத்தில் இருக்கிறீர்கள், ஆறு மாதத்தில் எட்டுப் பத்து காய் பயமில்லாமல் சாப்பிடும் நிலைக்கு வந்தால் அளவு தானாகக் கூடும். எல்லாக் காயும் சாப்பிடுகிறேன் என்று சொல்கிறவர்களைக் கூப்பிட்டு எண்ணிப் பார்த்தால் அவர்களும் அந்தப் பத்துக்குள்தான் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

மாமியார் வீட்டுப் பந்திக்கு ஒரு யோசனை. போவதற்கு முன்பே உங்கள் மனைவி தன் அம்மாவிடம் போனில் சொல்லட்டும், "அவருக்குக் காய் பிடிக்காது" என்று அல்ல, "பீன்ஸ் உசிலி பண்ணி வைங்கம்மா, அவருக்கு அதுதான் பிடிக்கும்" என்று. பிடிக்காதது பத்து இருக்கட்டும், மாப்பிள்ளை கேட்டுச் சாப்பிட்டது ஒன்று இருந்தால் அந்த வீட்டில் அதுதான் பேச்சாக இருக்கும். பரிமாறும்போது இலைமேல் கையை நீட்டி "கொஞ்சமா வைங்க, அப்புறம் கேட்டு வாங்கிக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், வைத்த பிறகு மீதம் வைப்பதுதான் அவர்களுக்கு வருத்தம். புதுக் காய் எதையும் அந்த இலையில் பழக முயலாதீர்கள், அது வீட்டு வேலை.

இன்னும் இரண்டு விஷயம். சாப்பிடும் பண்டங்களின் பட்டியல் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டே போனால், எடை இறங்கினால், ரத்தத்தில் சத்துக் குறைபாடு காட்டினால், சாப்பாட்டுக்குப் பயந்தே வெளியிடங்களுக்குப் போவதை நிறுத்தினால், அது வெறும் "பிடிக்கவில்லை" அல்ல. தவிர்ப்பு உணவுக் கோளாறு என்று அதற்குத் தனிப் பெயர் உண்டு, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தன் கையேட்டில் அதைச் சேர்த்தது, அதற்கு உளவியல் சிகிச்சையும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அந்த அளவு தெரியவில்லை, ஆனால் இலை போட்டால் வியர்ப்பது இனிமேலும் கூடிக்கொண்டே போனால் ஒரு உளவியல் ஆலோசகரிடம் பேசத் தயங்காதீர்கள்.

மற்றொன்று, மூன்று மாதம் கழித்து லிப்பிட் ப்ரொஃபைல் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) திரும்ப எடுங்கள். டாக்டர் மாத்திரை எழுதினால் "காய் சாப்பிட ஆரம்பித்திருக்கிறேனே" என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம். மலச்சிக்கல் குறையாமல் நீடித்தாலோ, எப்போதாவது மலத்தில் ரத்தம் தென்பட்டாலோ, மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே போய்க் காட்டிவிடுங்கள்.